பழைய படங்களை மறுவெளியீடு செய்வோருக்கு ஒரு ரசிகரின் திறந்த மடல்

தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்களுக்கும், பழைய படங்களின் நெகட்டிவ் உரிமையைக் கைவசம் வைத்திருப்பவர்களுக்கும், அவற்றை மீண்டும் திரைக்குக் கொண்டுவரும் விநியோகஸ்தர்களுக்கும் வணக்கம்.

திண்டுக்கல்லை அடுத்த ஒரு சிற்றூரில், டூரிங் டாக்கீஸ் ஒன்றின் ஆபரேட்டருக்கு மகனாகப் பிறந்தவன் நான். மணல் குவித்து அதன்மேல் உட்கார்ந்து படம் பார்த்த காலத்திலிருந்து இன்றைய மல்டிபிளெக்ஸ் காலம் வரை, கையில் காசு இருந்த வாரம் எதிலும் படம் பார்க்காமல் இருந்ததில்லை. திரைத்துறையில் எனக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. டிக்கெட் வாங்கியவன் என்ற உரிமை ஒன்றே உண்டு. அந்த உரிமையில் ஒரு கோரிக்கையை உங்கள்முன் வைக்கிறேன். பழைய படங்களை மீண்டும் வெளியிடும்போது அவை முதலில் வந்த வடிவத்திலேயே எங்களுக்குக் காட்டுங்கள்.

குறை சொல்வதற்குமுன் நன்றி சொல்லியாக வேண்டும். 2012 மார்ச் மாதத்தில் பி. ஆர். பந்துலுவின் ‘கர்ணன்’ புதுப்பிக்கப்பட்டுத் திரைக்கு வந்தபோது, 48 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு புராணப் படத்தைக் காண யார் வருவார்கள் என்று நானே ஐயுற்றேன். அந்தப் படம் நூறு நாளைக் கடந்து ஓடியது. போர்க்களத்தில் அம்பு தைத்துச் சாய்ந்து கிடக்கும் கர்ணனை நோக்கிச் சீர்காழி கோவிந்தராஜனின் குரல் எழுந்த அந்த நிமிடத்தில், அதுவரை தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்த கல்லூரி மாணவர்களின் வரிசை ஒன்று அப்படியே அமைதியானதை நான் கண்ணால் கண்டேன். தொலைக்காட்சியில் இருபது முறை பார்த்தவர்களும் அன்றுதான் அந்தப் படத்தை முழுமையாகப் பார்த்ததாக உணர்ந்தார்கள். 2004இல் வந்த ‘கில்லி’ 2024 ஏப்ரலில் மீண்டும் வந்தபோது, அது முதலில் வெளியான ஆண்டில் பிறந்தே இராத பிள்ளைகள் வசனங்களை வரிக்கு வரி முன்கூட்டியே சொன்னார்கள். பழைய படங்களுக்குச் சந்தை இருக்கிறது என்பதை நிரூபித்தவர்கள் நீங்கள். அதனாலேயே அந்தச் சந்தையில் எத்தகைய சரக்கு விற்கப்படுகிறது என்று கேட்கவும் எங்களுக்கு மனம் வருகிறது.

அண்மையில் ஒரு நகரத்துத் திரையரங்கில், ஐம்பதுகளில் வந்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றின் மறுவெளியீட்டுக்குப் போயிருந்தேன். படத்தின் பெயரையோ வெளியிட்டவர்களின் பெயரையோ இங்கே சொல்வது என் நோக்கமன்று. பெயர் அட்டைகள் ஓடத் தொடங்கியவுடனே ஏதோ தவறு என்று தெரிந்துவிட்டது. ஒவ்வோர் அட்டையிலும் மேல்வரியும் கீழ்வரியும் இல்லை. மேல்வரியில் ‘ஒலிப்பதிவு’ என்ற சொல்லின் அடிப்பாதி மட்டும் தெரிந்தது. கீழ்வரியில் உதவியாளர்களின் பெயர்கள் திரைக்கு வெளியே போய்விட்டன. பிறகு நடனக் காட்சி வந்தது. ஆடியவர்களின் முகம் தெரிந்தது, பாதம் தெரியவில்லை. பாதத்தைப் பார்க்க முடியாத பரதத்தை எப்படிப் பார்ப்பது? அருகருகே நின்று பேசும் இருவரில் உயரமானவருக்கு நெற்றிக்கு மேல் எதுவும் இல்லை. அரங்கில் இருந்த இளைஞர்கள் அந்தக் காலத்து ஒளிப்பதிவாளர்களுக்குச் சட்டகம் (ஃபிரேம்) அமைக்கத் தெரியாது என்று எண்ணியிருப்பார்கள். என்னை மிகவும் வருத்தியது அதுதான். தவறு இன்று செய்தவர்களுடையது; பழியோ அறுபது, எழுபது ஆண்டுகளுக்குமுன் தன் வேலையைச் சரியாகச் செய்துவிட்டு மறைந்துபோன ஒரு கலைஞர்மேல் விழுகிறது.

இது ஏன் நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததன்று. அக்காலப் படங்களின் சட்டகம் ஏறக்குறைய நான்குக்கு மூன்று என்ற விகிதத்தில், கிட்டத்தட்டச் சதுரமாக இருந்தது. தமிழில் சினிமாஸ்கோப் வந்ததே 1973இல், ‘ராஜராஜ சோழன்’ படத்தோடுதான். அதற்கு முந்தைய ஒரு படத்தை இன்று அகலத்திரை முழுவதும் நிரப்பிக் காட்ட வேண்டுமென்றால் இரண்டே வழிகள் உண்டு. ஒன்று, மேலும் கீழும் வெட்ட வேண்டும். மற்றொன்று, பக்கவாட்டில் இழுத்து எல்லோரையும் குட்டையாகவும் பருமனாகவும் ஆக்க வேண்டும். முதல் வழியில், அகலத்தின் அளவைப் பொறுத்து, படத்தின் கால் பங்கிலிருந்து ஏறக்குறையப் பாதி வரை போய்விடும். ஒரு நாவலை மறுபதிப்புச் செய்யும்போது ஒவ்வொரு பக்கத்திலும் மேலே ஐந்து வரியையும் கீழே ஐந்து வரியையும் எந்தப் பதிப்பாளரும் நீக்கமாட்டார்.

எஸ். எஸ். வாசனின் ‘சந்திரலேகா’வை எண்ணிப் பாருங்கள். 1948இல் வந்த அந்தப் படத்தின் முரசு நடனம், தமிழ் சினிமாவில் நான் கண்ட காட்சிகளிலேயே ஆகப்பெரிய கனவு என்பேன். வரிசை வரிசையாக முரசுகள், ஒவ்வொன்றின் மேலும் ஆடுபவர்கள், மேலிருந்தும் கீழிருந்தும் நகரும் காமிரா, முடிவில் முரசுகளுக்குள்ளிருந்து வீரர்கள் வெளிப்படும் அந்தத் திருப்பம் என்று அனைத்தும் உயரத்தை நம்பி அமைக்கப்பட்டவை. முரசின் அடிப்பாகம் தெரியாவிட்டால் முரசின் பருமன் தெரியாது; பருமன் தெரியாவிட்டால் அதற்குள் ஓர் ஆள் ஒளிந்திருக்க முடியும் என்ற எண்ணமே எழாது. கணினி வரைகலையில் ஆயிரம் பேரைப் பெருக்கிக் காட்டும் இன்றைய பிரம்மாண்டப் படங்களை நானும் விரும்பிப் பார்க்கிறேன். ஆனால் அத்தனை பேரும் உண்மையிலேயே அங்கே நின்று ஆடினார்கள் என்று தெரியும்போது எழும் சிலிர்ப்பு வேறு. அந்தச் சிலிர்ப்புக்காகத்தான் நான் திரையரங்குக்கு வருகிறேன். திரையின் இருபுறமும் கறுப்பு இடம் இருந்தால் ரசிகர்கள் முகம் சுளிப்பார்கள் என்று அஞ்ச வேண்டாம். தொடக்கத்தில் ஒரே ஒரு வரியில் காரணத்தைச் சொல்லிவிட்டால், ஐந்தாவது நிமிடத்தில் அந்தக் கறுப்பு யார் கண்ணிலும் படாது.

அடுத்தது வண்ணம். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வண்ணம் பூசினால்தான் இளைய தலைமுறை பார்க்கும் என்ற எண்ணம் பல ஆண்டுகளாக உலவுகிறது. 2010இல் தெலுங்கு ‘மாயாபஜார்’ வண்ணம் ஏற்றப்பட்டு வெளிவந்தது. தமிழிலும் அவ்வாறு செய்யலாமே என்ற பேச்சை அவ்வப்போது கேட்கிறேன். அந்தப் பணியில் ஈடுபட்டவர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் 1957இல் மார்க்கஸ் பார்ட்லி அந்தப் படத்துக்காகத் திரையில் வரைந்த நிலவொளியை நினைத்துப் பாருங்கள். ஜெமினி கணேசனும் சாவித்திரியும் படகில் மிதந்து வரும் தமிழ் வடிவத்துக் காட்சியில், நீரின் மேல் விழும் வெள்ளி ஒளிக்கும் கரையோர இருளுக்கும் நடுவே எத்தனை சாம்பல் படிகள் இருக்கின்றன! ஒளிப்பதிவாளர் அந்தப் படிகளை எண்ணித்தான் விளக்குகளை வைத்தார். அவர் எண்ணாத நீலத்தை அதன்மேல் பூசினால், நிலவு இருந்த இடத்தில் நீலம்தான் இருக்கும்.

‘அந்த நாள்’ படத்துக்கு வண்ணம் பூசினால் என்ன ஆகும் என்று கற்பனை செய்யவே மனம் கூசுகிறது. 1954இல், பாட்டும் நடனமும் இல்லாமல் ஒரு தமிழ்ப்படம் எடுக்க எஸ். பாலசந்தருக்குத் துணிவு இருந்தது. அதைத் தயாரிக்க ஏவி.எம். நிறுவனத்துக்கும் துணிவு இருந்தது. ஒரே கொலையை ஒவ்வொருவர் பார்வையிலும் திரும்பத் திரும்பச் சொல்லும் அந்தக் கதையில், யார் உண்மை பேசுகிறார், யார் மறைக்கிறார் என்பதற்கான குறிப்பு வசனத்தில் இருப்பதைவிட ஒளிப்பதிவாளர் மாருதி ராவின் நிழல்களில் அதிகம் இருக்கிறது. சிவாஜி கணேசனின் முகத்தில் பாதி வெளிச்சத்திலும் பாதி இருளிலும் நிற்கும் இடங்களை நான் எத்தனை முறை பார்த்தாலும் இருண்ட பாதியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பேன். இன்றைய குற்றப்புலனாய்வுப் படங்கள் பலவற்றை ரசித்திருக்கிறேன். ஆனால் இருட்டை இப்படி ஒரு கதாபாத்திரமாகவே நடிக்கவிட்ட படம் வேறொன்றை என்னால் உடனே சொல்ல முடியவில்லை.

ஒலியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஒற்றைத் தடத்தில் பதிவான ஒலியில் இரைச்சலை நீக்குங்கள், அதை வரவேற்கிறேன். இல்லாத வாளோசையையும் இல்லாத காற்றோசையையும் புதிதாகச் சேர்த்து அரங்கின் நாற்புறமும் சுழலவிடாதீர்கள். மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ படத்தில், ஊரார் கூடி நிற்கும் அந்த இறுதி ஆற்றங்கரையில் எது ஒலிக்க வேண்டும், எது ஒலிக்கக் கூடாது என்பதை 1979இலேயே அவரும் இளையராஜாவும் முடிவு செய்துவிட்டார்கள்.

வெட்டைப் பற்றிச் சொல்லும்போது என் தந்தையைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. அவர் வேலை பார்த்த கொட்டகையில் ஒரே ஒரு புரொஜெக்டர்தான் இருந்தது. ஆகவே ஒவ்வொரு பகுதி முடிந்ததும் ரீல் மாற்றுவதற்கு விளக்கைப் போட்டுவிடுவார்கள். முறுக்கும் சோடாவும் விற்பவர்களுக்கு அது கொண்டாட்டம். இரண்டாம் ஆட்டம் நள்ளிரவைத் தாண்டி நீளும் நாட்களில், ஏதாவது ஒரு பாட்டைத் தாண்டிப் போகும்படி அவருக்குச் சொல்லப்படும். அவரும் ஓரிரு முறை அவ்வாறு செய்திருக்கிறார். ஒருநாள் ஆட்டம் முடிந்தபின் வயதான பெண்மணி ஒருவர் ஆபரேட்டர் அறை வாசலில் வந்து நின்று, “அந்தத் தாலாட்டு வரலையேப்பா, அதுக்குத்தானே நாலு மைல் நடந்து வந்தேன்” என்றாராம். கோபித்துக்கொள்ளவில்லை, கேட்டுவிட்டு நின்றுகொண்டே இருந்தாராம். தந்தை மறுநாள் அவரைக் காசில்லாமல் உள்ளே அனுப்பி, பாட்டு வரும் நேரத்தில் தானும் அறையின் துவாரம் வழியாக அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொல்வார். அதற்குப்பின் அவர் எந்த ரீலையும் தாண்டியதில்லை. அதற்காக முதலாளியிடம் வாங்கிய வசவுகளையும் பொருட்படுத்தியதில்லை.

இன்றைய மறுவெளியீடுகளில் அந்தத் தாலாட்டு போன்றவைதான் முதலில் பலியாகின்றன. கதைக்குத் தேவையில்லை என்று நகைச்சுவைப் பகுதியும், வேகம் குறைகிறது என்று பாட்டும் போகின்றன. 2023 இறுதியில் மீண்டும் வந்த ‘ஆளவந்தான்’ பெருமளவு சுருக்கப்பட்டே வந்தது. 2022 டிசம்பரில் வந்த ‘பாபா’ மறுபடத்தொகுப்புச் செய்யப்பட்டு, முடிவும் மாற்றப்பட்டிருந்தது. படைத்தவர்களே தம் படைப்பை மீண்டும் திருத்திப் பார்ப்பதற்கு அவர்களுக்கு முழு உரிமை உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ‘ஆளவந்தான்’ 2001இலேயே சற்று நீண்டுவிட்டது என்று கருதியவர்களில் நானும் ஒருவன். எனினும் அந்த நீளத்தில்தான் அந்தப் படத்தின் வெறியும் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. கமல்ஹாசன் நடித்த நந்துவின் மனப்பிறழ்வைச் சித்திரக்கதையாக மாற்றிக் காட்டிய துணிச்சல், அளவறிந்து நடக்கும் ஒரு படத்தில் வந்திருக்காது. திருத்திய வடிவம் வரட்டும். முதல் வடிவமும் எங்கேனும் ஓரிடத்தில், முழுமையாக, நல்ல தரத்தில் எங்களுக்குக் கிடைக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

இது பழைய படங்களோடு நிற்கும் பிரச்சினையும் அன்று. 2024இல் வந்த ‘மெய்யழகன்’ வெளியான சில நாட்களிலேயே ஏறக்குறைய 18 நிமிடங்கள் குறைக்கப்பட்டது. அந்தப் படத்தை நான் முதல் நாளே பார்த்தேன். சொந்த ஊரை விட்டுப் போனவனும் ஊரிலேயே இருந்துவிட்டவனும் ஓர் இரவு முழுவதும் பேசுவதே அதன் கதை. பேச்சு நீளாமல் அத்தகைய இரவு எப்படி அமையும்? அந்த இரவின் சோர்வையும் கிறக்கத்தையும் பார்ப்பவனும் அடைய வேண்டும் என்பதுதானே இயக்குநரின் எண்ணமாக இருந்திருக்கும்? முதல் வாரச் சலசலப்புக்கு அஞ்சி வெட்டியதை விமரிசிக்கும் அளவுக்கு உங்கள் வணிக நெருக்கடிகளை நான் அறியாதவன் அல்லன். இருபது ஆண்டுகள் கழித்து அந்தப் படத்தை நீங்கள் மறுவெளியீடு செய்யும்போது அந்த 18 நிமிடங்களும் உங்கள் கையில் இருக்குமா என்பதே என் கவலை.

இனி, இந்த மடலை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறேன். 2013இல் தனுஷ் நடித்த இந்திப் படத்தின் தமிழ் வடிவமான ‘அம்பிகாபதி’, 2025 ஆகஸ்ட் முதல் தேதியன்று, செயற்கை நுண்ணறிவைக் கொண்டு மாற்றப்பட்ட முடிவோடு மீண்டும் திரைக்கு வந்தது. நாயகன் இறந்துபோகும் படத்தில் நாயகன் உயிர்பிழைத்தான். இயக்குநர் ஆனந்த் எல். ராய் அதை எதிர்த்தார். தனுஷும் தம் எதிர்ப்பை வெளிப்படையாகவே பதிவு செய்தார். படத்தை எடுத்தவரும் நடித்தவரும் வேண்டாம் என்று சொல்லியும், அவர்கள் நடிக்காத ஒரு முடிவில் அவர்களுடைய முகங்கள் நடித்தன. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு திரைப்படத்தின் ஆசிரியர் என்று கருதப்படுபவர் தயாரிப்பாளர்தான், இயக்குநர் அல்லர். ஆகவே உங்கள் கையில் சட்டம் தந்த அதிகாரம் இருக்கிறது. அந்த அதிகாரத்தை இதற்குப் பயன்படுத்தாதீர்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

பாலு மகேந்திராவின் ‘மூன்றாம் பிறை’யின் கடைசிக் காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள். நீலகிரியின் கேத்தி ரயில் நிலையத்தில், மழையில், சேற்றில் புரண்டெழுந்து, குரங்கைப்போல் குட்டிக்கரணம் போட்டு, தலையில் பானையைக் கவிழ்த்துக்கொண்டு, எப்படியாவது அவளுக்குத் தன்னை நினைவூட்டிவிட வேண்டும் என்று சீனு தவிக்கிறான். ரயில் நகர்கிறது. ஜன்னலோரத்தில் இருக்கும் விஜி (ஸ்ரீதேவி) அவனை ஒரு பைத்தியக்காரனாகவே பார்த்துவிட்டுப் போகிறாள். 1982இல் அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு அழுதபடி வெளியே வந்தவர்கள், விஜி ஒரு கணம் அடையாளம் கண்டுகொண்டிருக்கக் கூடாதா என்று ஏங்கியவர்கள்தாம். அந்த ஏக்கத்தைத் தீர்த்துவைக்க இன்று ஓர் எந்திரத்தால் முடியும். ஸ்ரீதேவி திரும்பிப் பார்ப்பதைப்போல, இறங்கி ஓடி வருவதைப்போல, சில நாள் வேலையில் செய்துவிடலாம். அவ்வாறு செய்தால் நாற்பது ஆண்டுகளாக எங்களுக்குள் அறுபடாமல் இருக்கும் ஒன்றை அறுத்தெறிந்துவிடுவீர்கள். ஸ்ரீதேவியும் இல்லை, பாலு மகேந்திராவும் இல்லை. வேண்டாம் என்று சொல்வதற்கு எழுந்து வர அவர்களால் முடியாது.

இதே 2025இல், ‘அம்பிகாபதி’ வருவதற்கு ஒரு மாதத்துக்குமுன், இத்தாலியின் பொலோனா நகரில் வேறொரு படம் திரையிடப்பட்டது. ரமேஷ் சிப்பியின் ‘ஷோலே’ 1975இல், நெருக்கடி நிலைக் காலத்துத் தணிக்கையால் முடிவு மாற்றப்பட்டு வெளிவந்த படம். அதன் மூல நெகட்டிவ் பெரிதும் பழுதாகிவிட்ட நிலையில், லண்டனிலும் மும்பையிலும் கிடங்குகளில் கிடைத்த படச்சுருள்களைக் கொண்டு, பழைய படங்களைப் பாதுகாக்கும் ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு அதை மீட்டெடுத்தது. நீக்கப்பட்ட காட்சிகளும், இயக்குநர் முதலில் எடுத்த முடிவும் ஐம்பது ஆண்டுகளுக்குப்பின் திரைக்குத் திரும்பின. ஓரிடத்தில் ஒரு படத்துக்கு அதன் சொந்த முடிவைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். மற்றோரிடத்தில் அதைப் பறிக்கிறார்கள். இரண்டுக்கும் ‘மறுவெளியீடு’ என்ற ஒரே சொல்லையே நாம் பயன்படுத்துகிறோம்.

முதல் வடிவம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. நம்மிடம் முதல் வடிவங்களே மிகக் குறைவு. தென்னிந்தியாவின் முதல் மௌனப்படமான நடராஜ முதலியாரின் ‘கீசக வதம்’ இல்லை. 1931 அக்டோபர் 31 அன்று வெளியான முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ இல்லை, டி. பி. ராஜலட்சுமி அந்தப் படத்தில் எப்படிப் பாடினார், எப்படி ஆடினார் என்பதைப் பத்திரிகைக் குறிப்புகளிலிருந்தும் பாட்டுப் புத்தகத்திலிருந்தும் நாம் ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. தென்னிந்திய மௌனப்படக் காலத்திலிருந்து நமக்கு எஞ்சியிருப்பது நாகர்கோவில்காரர் ஒருவர் தயாரித்த ‘மார்த்தாண்டவர்மா’. அது பிழைத்ததும், அதன் மூலக்கதையான நாவலின் பதிப்புரிமை வழக்கில் சிக்கிப் படச்சுருள் பதிப்பாளர் வசம் முடங்கிக் கிடந்ததனால்தான். ஓடிய படங்கள் தேய்ந்தும், எரிந்தும், சுருளில் இருந்த வெள்ளிக்காகக் கரைக்கப்பட்டும் மறைந்துபோயின. ஓட முடியாத படம் வாழ்கிறது. புனேயில் 1964இல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தோன்றுவதற்குள் பாதிக் கதை முடிந்துவிட்டது. அதன் கையிலிருந்த, எளிதில் தீப்பற்றும் பழைய நைட்ரேட் சுருள்களிலும் பல 2003இல் நேர்ந்த தீ விபத்தில் போயின.

நைட்ரேட் சுருளுக்குப்பின் வந்த அசிட்டேட் சுருளும் சாகாவரம் பெற்றதன்று. வெப்பமும் ஈரமும் மிகுந்த சென்னை போன்ற ஊரில், குளிரூட்டாத அறையில் அடுக்கி வைத்தால் அது சுருங்கி, நெளிந்து, காடி (வினிகர்) வாடை வீசத் தொடங்கும். என் தந்தை ஒரு டப்பாவைத் திறந்தவுடனே முகர்ந்து பார்த்துவிட்டு, “இது இன்னும் ரெண்டு வருஷம்” என்று நோயாளியைப் பற்றிச் சொல்வதைப்போலச் சொல்வார். பாலு மகேந்திரா தம் கடைசி ஆண்டுகளில், தமிழகத்துக்கென்று ஒரு திரைப்பட ஆவணக் காப்பகம் வேண்டும் என்று மேடைதோறும் கேட்டார். 1988இல் அவர் எடுத்த ‘வீடு’ படத்தின் மூல நெகட்டிவே அழிந்துவிட்டது என்ற வேதனையோடு அவர் அதைக் கேட்டார். 2014 பிப்ரவரியில் அவர் மறைந்தார். ஒரு சிறு வீடு கட்டி முடிக்க ஒரு குடும்பம் படும் பாட்டைச் சொன்ன அந்தப் படத்துக்கே ஒரு வீடு இல்லாமல் போயிற்று.

இது இயலாத காரியமும் அன்று. நடனக் கலைஞர் உதயசங்கரின் ‘கல்பனா’ சென்னையில், ஜெமினி ஸ்டுடியோவில், கே. ராம்நாத்தின் ஒளிப்பதிவில் உருவாகி 1948இல் வந்த படம். அதன் புதுப்பிக்கப்பட்ட பிரதி 2012இல் கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. சத்யஜித் ராயின் அப்பு வரிசைப் படங்களின் நெகட்டிவ்கள் 1993இல் லண்டனில் நடந்த தீ விபத்தில் கருகிய பின்னும், எஞ்சிய சுருள்களை ஈரமூட்டிப் பதப்படுத்தி, ஃபிரேம் ஃபிரேமாகப் பிரித்தெடுத்து 2015இல் மீட்டுத் தந்தார்கள். அவர்கள் யாரும் அப்புவுக்கு வண்ணம் பூசவில்லை, சட்டகத்தை அகலமாக்கவில்லை.

உங்களுக்கு இன்னொன்றையும் நினைவூட்ட வேண்டும். நம் சட்டத்தில் திரைப்படப் பதிப்புரிமைக்கு ஆயுள் 60 ஆண்டுகள். ‘சந்திரலேகா’, ‘அந்த நாள்’, ‘மாயா பஜார்’ ஆகியவற்றின் உரிமைக்காலம் கடந்து பல ஆண்டுகள் ஆகின்றன. 1964இல் வந்த ‘கர்ணன்’ படத்தின் உரிமையும் 2024ஆம் ஆண்டோடு முடிந்தது. இனி அவற்றை யார் வேண்டுமானாலும் எந்தக் கோலத்திலும் வெளியிடலாம். அவர்களுக்கும் உங்களுக்கும் இடையே ஒரே ஒரு வேறுபாடுதான் எஞ்சியிருக்கிறது. மூல நெகட்டிவோ நல்ல பிரிண்டோ உங்கள் கிடங்கில் இருக்கிறது, அவர்களிடம் இல்லை. எனவே மறுவெளியீட்டுக்காக ஒரு படத்தை ஸ்கேன் செய்யும்போது, எதையும் வெட்டாத, பூசாத முழுப்பிரதி ஒன்றை முதலில் எடுத்துத் தனியே வைத்துவிடுங்கள். அதன் ஒரு படியைப் புனே காப்பகத்துக்கும் அனுப்பிவையுங்கள். ஸ்கேன் முடிந்துவிட்டதே என்று நெகட்டிவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்; இன்றைய ஹார்ட் டிஸ்க் இன்னும் முப்பது ஆண்டில் திறக்குமா என்பதற்கு யாராலும் உறுதி தர முடியாது. குளிரூட்டிய கிடங்குக்குத் தனித்தனியே செலவிட இயலாதென்றால், சங்கமாகக் கூடி அரசிடம் கேளுங்கள். பாலு மகேந்திரா தனியொருவராகக் கேட்டதை நீங்கள் எல்லோரும் சேர்ந்து கேட்டால் அதற்கு மதிப்பு அதிகம்.

இறுதியாக ஒரு சிறு வேண்டுகோள். இதற்குச் செலவே ஆகாது. என் தந்தையின் கொட்டகையில் படம் அறுந்துபோனால், அறுந்த இரு முனைகளையும் வெட்டிச் சுரண்டி, சிமெண்ட் தடவி ஒட்டுவார். ஒவ்வோர் ஒட்டுக்கும் ஒன்றிரண்டு ஃபிரேம்கள் போகும். வாரம் முடிந்து பெட்டி அடுத்த ஊருக்குப் போகும்போது, பெட்டிக்குள் ஒரு சீட்டை எழுதி வைப்பார். மூன்றாம் ரீலில் இரண்டு ஒட்டு, நான்கு ஃபிரேம் இல்லை; ஒன்பதாம் ரீல் கடைசியில் கோடு விழுந்திருக்கிறது, நான் போடவில்லை, வரும்போதே இருந்தது என்று, தாம் முகமறியாத அடுத்த ஆபரேட்டருக்காக எழுதுவார். எழுதும்படி யாரும் அவருக்குச் சொன்னதில்லை.

உங்கள் மறுவெளியீடுகளின் தொடக்கத்திலும் அத்தகைய ஓர் அட்டையைப் போடுங்கள். முதலில் வெளியானபோது இந்தப் படம் இத்தனை நிமிடம்; இப்போது இத்தனை நிமிடம்; சட்டகம் மாற்றப்பட்டதா இல்லையா; எந்தப் பாட்டு கிடைக்கவில்லை, எந்தக் காட்சியை நாங்கள் நீக்கினோம்; எந்த ஒலியைப் புதிதாகச் சேர்த்தோம். பத்து விநாடிக்குள் படித்து முடிக்கக்கூடிய அந்த அட்டையைச் சுவரொட்டியின் மூலையிலும் அச்சிடுங்கள், டிக்கெட் வாங்குமுன் நாங்கள் படித்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் படங்களின் நெடுநாள் ரசிகன்,
திண்டுக்கல்